லியோன் சாய்ந்திருந்த கல்

ஏதென்ஸ்
27.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் உயிரோடு, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறேன். உங்களுக்குத்தான் பிரஷர் ஏறியிருக்கும். ஏற்றியவன் நான். மருந்தை நேரத்துக்குப் போடுங்கள்.

பத்து நாளாக உங்களுக்கு போன் எடுத்துப் பார்க்கிறேன். என் நம்பரை மறித்துவிட்டீர்கள் என்று விளங்குகிறது. கட்டின மனைவி அனற்றும் எடுப்பதில்லை. அதனால் ஒரு கொப்பி வாங்கி, தாளைக் கிழித்து எழுதுகிறேன்.

கொரிந்தில் நான் செய்தது பெரிய பிழை. "பாத்ரூமுக்குப் போயிட்டு வந்துர்றேன், நீங்க பஸ்ஸுக்குப் போங்க அக்கா" என்று சொன்னேன். நீங்கள் தலையாட்டினீர்கள். நான் மியூசியத்தின் பக்கத்து வழியால் வெளியேறி, ரோட்டுக்கு ஏறி, வந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். புனித பவுல் நடந்த இடங்களைக் காட்டவென்று நம் தேவாலயப் பங்கில் இருந்து இருபத்தொரு பேரைக் கூட்டி வந்தீர்கள். இருபது பேரோடு திரும்பினீர்கள்.

நான் உழைக்க ஓடவில்லை அக்கா. லியோனைத் தேடத்தான் நின்றேன். மகன் வீட்டை விட்டுப் போய் ஒரு வருசம் தாண்டிவிட்டது. ஜனவரியில், கிரேக்கத்தில் இருக்கிறேன் என்று மட்டும் எழுதி, தாய்க்கு ஒரு படம் அனுப்பினான். விழுந்து கிடக்கும் தூண் ஒன்றில் சாய்ந்து நிற்கிறான். பின்னால் நீலக் கம்பி வேலி, ஒரு தோடம்பழ மரம். பிறகு ஒரு தகவலும் இல்லை. பிலிப்பியிலும் தெசலோனிக்காவிலும் நீங்கள் எல்லோரும் செபித்தபோது நான் தூண்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வழிகாட்டிப் பெண்ணிடம் படத்தைக் காட்டினேன். இதைப்போல ஒரு லட்சம் கல் இந்த நாட்டில் கிடக்கிறது என்றாள்.

கொரிந்து மியூசியத்தில் தலையில்லாத சிலைகள் வரிசையாக நின்றனவே, கழுத்தில் குழியோடு. உடம்பை வைத்துக்கொண்டு தலையை மட்டும் மாற்றுவார்களாம். ஒருவன் உடம்பில் இன்னொருவன் தலை. அதைக் கேட்ட பிறகு எனக்கு அந்த இடத்தில் நிற்க முடியவில்லை.

மடவளை ஆள் ஒருவர், பாரூக் என்று, இங்கே பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். கண்டி என்றதும் "பொறகென்ன, நம்ம ஊராச்சே, தேத்தண்ணி குடிங்க" என்றார். கடைக்கு மேலே படுக்க இடம் தந்திருக்கிறார். அந்த விலாசத்துக்கு இரண்டு வரி எழுதுங்கள்.

திட்டியாவது எழுதும்படி கேட்கும்,
தம்பி லக்ஸ்மன்


கண்டி
19.11.2024

லக்ஸ்மன்,

உன் கடிதம் பதினெட்டாம் நாள் வந்தது. என் உடம்பைப் பற்றி நீ கேட்க வேண்டாம். முப்பத்தைந்து வருசம் பிள்ளைகளை எண்ணி வரிசையில் நிற்க வைத்த டீச்சர் நான். அந்த பஸ்ஸில் ஏழு தரம் தலை எண்ணினேன். வெயிலில் இரண்டு மணி நேரம் எல்லோரையும் காக்க வைத்தேன். நீ எங்கேயாவது மயங்கி விழுந்திருப்பாய் என்று அந்தப் பாழடைந்த கல்லுகளுக்குள் உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு நடந்தேன். உனக்கு அது கேட்டிருக்காது.

விமான நிலையத்தில் என்னைத் தனியாக இருத்தி விசாரித்தார்கள். இங்கே வந்ததும் ஏஜென்சிக்காரர் என் போனை வாங்கிப் பார்த்தார். அதனால்தான் உன் நம்பரை மறித்தேன்.

மார்ச்சில் போக இருந்த இரண்டாவது குழுவுக்கு விசா இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அதில் செசிலியா டீச்சரும் ஒருவர். புற்றுநோய் என்று உனக்குத் தெரியும். பவுலை விசாரணைக்கு நிறுத்திய அந்த மேடையைப் பார்த்துவிட்டுச் சாக வேண்டும் என்று ஆசைப்பட்டவர். "பரவாயில்ல மேபல், நீங்க என்ன செய்வீங்க" என்கிறார். அதைக் கேட்பதைவிட அவர் என்னை அறைந்திருக்கலாம்.

லியோனைத் தேட உனக்கு என்ன அவசரம் வந்தது? பிணையில் வெளியே வந்த பிள்ளை, வழக்கை விட்டுவிட்டு ஏன் நாட்டை விட்டே போனான் என்று யோசித்தாயா? அவன் எங்கேயோ நன்றாகத்தான் இருப்பான். நீ திரும்பி வா.

அனற் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். அதற்குமேல் ஒன்றும் சொல்வதற்கில்லை.

மேபல்


ஏதென்ஸ்
08.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் எழுதியதெல்லாம் எனக்கு வேண்டியதுதான்.  செசிலியா டீச்சருக்காக இங்கே மெழுகுதிரி கொளுத்தினேன். எனக்குக் கொஞ்சம் இருமல். பாரூக் கொத்தமல்லி அவித்துத் தருகிறார். அனற்றுக்கு மூட்டு வலி குளிரோடு கூடுமே, எண்ணெய் தேய்க்கிறாளா?

பகலில் பாரூக்கின் கடையில் மூட்டை இறக்குகிறேன். குளிர்காலத்தில் மாதத்தின் முதல் ஞாயிறு மியூசியங்களுக்குள் சும்மா விடுகிறார்கள். மற்ற ஞாயிறுகளில் வேலிக்கு வெளியே நின்று பார்க்கிறேன். இருபத்தாறு வருசம் தேயிலைத் தொழிற்சாலை லொறி ஓட்டியவனுக்கு ஒரு தூண் துண்டைக் கண்டால் முதலில் பாரம்தான் தெரிகிறது. இதை எப்படி ஏற்றினார்கள், எந்த வளைவில் எப்படித் திருப்பினார்கள் என்று. இப்போது கொஞ்சம் படித்துவிட்டேன். தூணில் மேலிருந்து கீழாக வாய்க்கால் மாதிரி வெட்டியிருப்பார்கள். இரண்டு வாய்க்காலுக்கு நடுவில் உள்ள விளிம்பு சில தூணில் கத்தி மாதிரிக் கூர். சிலதில் விரல் அகலத்துக்குத் தட்டை. லியோன் சாய்ந்திருக்கும் கல்லில் தட்டை. அதனால் பாதி நாட்டைத் தேட வேண்டியதில்லை.

போன ஞாயிறு இங்குள்ள பெரிய மியூசியத்துக்குப் போனேன். வெண்கலத்தில் ஒரு குதிரை, பாய்ந்து ஓடுகிற மாதிரி. மேலே ஒரு சின்னப் பையன். கடிவாளம் எப்போதோ தொலைந்துவிட்டது. கை மட்டும் பிடித்தபடியே இருக்கிறது. அவ்வளவு பெரிய குதிரை, அவன்தான் ஓட்டுகிறான் என்று எல்லோரும் படம் எடுக்கிறார்கள். நான் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். காவலாளி வந்து தோளைத் தொட்டு, உட்காரும்படி கதிரை ஒன்றைக் காட்டினார்.

கிறிஸ்து பிறந்த நத்தார் நாள் நெருங்குகிறது. அனற்றைத் தனியாக விடாதீர்கள்.

தம்பி லக்ஸ்மன்


கண்டி
12.01.2025

லக்ஸ்மன்,

புது வருசத்தில் உனக்கு உடம்பாவது நன்றாக இருக்கட்டும். எனக்கு முழங்கால் வலி, பெரிதாக இல்லை.

செசிலியா டீச்சர் போன வியாழன் காலமானார். மஹியாவை மயானத்தில் அடக்கினோம்.

ஹந்தானையில் உன் குவாட்டர்ஸைத் திருப்பிக் கேட்டுவிட்டார்கள். லொறிக்கு வேறு ட்ரைவர் வந்தாயிற்று, அவனுக்கு வீடு வேண்டுமாம். அனற் இப்போது என்னோடு இருக்கிறாள். அலுமாரியையும் கட்டிலையும் கொண்டுவந்தோம், மிச்சத்தை அங்கேயே கொடுத்துவிட்டாள். அந்த வீட்டுக்காக நீ எவ்வளவு பாடுபட்டாய் என்று எனக்குத் தெரியும்.

கல்லைத் தேடுவதை விடு. அவனுக்குக் குளிருக்கு உடுப்பு இருக்கிறது, பசிக்குச் சாப்பாடு இருக்கிறது. உனக்குத்தான் இரண்டும் சரியாக இல்லை. எனக்கு எழுத வேண்டியது வேறு ஏதும் இருந்தால் எழுது. தூணைப் பற்றி எழுதாதே.

அக்கா


ஏதென்ஸ்
16.02.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் முழங்காலுக்குச் சுடுதண்ணி ஒத்தடம் கொடுங்கள். என் இருமல் விட்டுவிட்டது.

அந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். கோவிலும் இல்லை, பெரிய மியூசியமும் இல்லை. பத்ராஸ் என்ற துறைமுகத்துக்குப் போகும் வழியில் ஒரு சின்ன ஊர், அதில் இரண்டு அறை மியூசியம். உள்ளே வைக்க இடமில்லாத கல்லுகளை முற்றத்தில் போட்டிருக்கிறார்கள். நீல வேலி, தோடம்பழ மரம், விரல் அகல விளிம்பு. கல்லில் கையை வைத்தேன். ஈரமாக இருந்தது. அவன் இல்லை.

அங்கே காவலுக்கு இருப்பவர் ஐம்பது வயது அம்மா ஒருவர். படத்தைக் காட்டியதும் "லியோ, லியோ" என்றார். போனில் கிரேக்க மொழியில் பேசினார், போன் தமிழில் சொன்னது. வானொலியில் செய்தி வாசிப்பது மாதிரித் தமிழ். "அவர் ஐந்து மாதங்கள் இங்கு இலைகளைக் கூட்டினார். அவர் ஒரு நல்ல இளைஞர் ஆவார்." போன ஏப்ரலில் கப்பல் ஏறி இத்தாலிக்குப் போய்விட்டானாம். நான் இந்த நாட்டுக்கு வர ஆறு மாதத்துக்கு முன்னமே.

அந்த அம்மா இன்னொன்றும் சொன்னார். அதை இப்போது எழுத முடியவில்லை.

ஒரு கேள்வி. அவனுக்குக் குளிருக்கு உடுப்பு இருக்கிறது என்று போன கடிதத்தில் எழுதினீர்களே. இருக்கும் என்று எழுதவில்லை, இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் தமிழ் டீச்சர். சொல்லைப் பிழையாகப் போட மாட்டீர்கள். பதிலுக்குப் பார்த்திருக்கிறேன்.

லக்ஸ்மன்


ஏதென்ஸ்
02.04.2025

அக்காவுக்கு,

ஆறு கிழமையாகப் பதில் இல்லை. சுகயீனமோ என்று பயமாக இருக்கிறது. நான் இப்போது பாரூக்கின் இடத்தில் இல்லை. ஒரு கன்னியர் மடத்தில் தங்க விட்டிருக்கிறார்கள்.

திங்கட்கிழமை நோன்புப் பெருநாள். பாரூக் புரியாணி ஆக்கி என்னையும் கூப்பிட்டு இருத்தினார். சாப்பிடும்போது தன் நானாவைப் பற்றி, கூடப்பிறந்த அண்ணனைப் பற்றிப் பேசினார். "என்ட நானா பைசிக்கள்ல மரக்கறி விக்கிறவர். ரெண்டு வருஷத்துக்கு முந்தி கட்டுகஸ்தோட்டை ரோட்டுல ஒரு லொறி அடிச்சி மவுத்தாப் போனார். எனக்கு மையத்தப் பாக்கவும் கெடைக்கல்ல. அடிச்சது ஹந்தானைப் பொடியன் ஒருத்தன். நாட்ட உட்டே ஓடிட்டான். அவன நீங்க அறிவீங்களா?"

நானாவின் பெயர் என்ன என்று கேட்டேன். முஹைதீன் என்றார்.

அக்கா, அன்றைக்கு லொறியை ஓட்டியது நான். லியோன் சும்மா துணைக்கு வந்து பக்கத்தில் இருந்தான். பின்நேரம் நாலு மணி, நல்ல வெளிச்சம். போன் அடித்தது, குனிந்து எடுத்தேன். நிமிர்ந்தபோது பைசிக்கிள் சக்கரத்துக்கு அடியில் இருந்தது. ரோடு முழுக்க முருங்கைக்காய். பொலிஸ்காரர் வந்து "கவுத எலெவ்வே" என்றார், யார் ஓட்டியது என்று. வேலை, லைசன்ஸ், குவாட்டர்ஸ் எல்லாம் ஒரே நேரத்தில் என் தலைக்குள் வந்தது. மகன் என்று சொல்லிவிட்டேன். அவனுக்கு இருபத்திரண்டு வயது. லைசன்ஸ் எடுத்து ஒரு மாதம். சின்னப் பிள்ளை, சுருக்கமாக முடிந்துவிடும் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் முஹைதீன் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். லியோன் ஏழு கிழமை மறியல் சிறையில் இருந்தான். ஒரு நாளும் ஒருவரிடமும் இல்லை என்று சொல்லவில்லை. நான் மகன் என்று சொன்ன அந்த நேரம் என்னை ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். அவ்வளவுதான். அனற்றுக்கும் தெரியாது.

அந்த மியூசியத்து அம்மா சொன்னது இதுதான். ஒரு நாள் பொலிஸ் வண்டி ஒன்று வழி கேட்க முற்றத்துக்குள் வந்ததாம். அவர்கள் ஒன்றும் கேட்பதற்கு முன்னமே லியோன் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு, "நான் ஓட்டவில்லை" என்று இங்கிலீசில் சொன்னானாம். ஏன் அப்படிச் சொன்னான் என்று அந்த அம்மா என்னிடம் கேட்டார்.

பாரூக்கிடம் அந்த இடத்திலேயே சொன்னேன். "அந்தப் பொடியன் ஓட்டல. நான்தான்." அவர் என் சோற்றுக் கோப்பையைப் பார்த்தார். பிறகு, "சோத்துல கை வச்சிட்டீங்க. தின்டு முடிங்க. பொறகு என்ட எடத்துல இரிக்காதீங்க" என்றார். தின்று முடிக்கும் வரைக்கும் எழும்பாமல் எனக்கு முன்னால் இருந்தார்.

இதை வாசித்த பிறகு நீங்கள் எனக்கு அக்காவாக இருப்பீர்களோ தெரியாது.

லக்ஸ்மன்


கண்டி
04.04.2025

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்த நாளில் இருந்து நாலு தாள் எழுதிக் கிழித்தேன். இதைக் கிழிக்க மாட்டேன். நான் நோய் நொடி இல்லாமல்தான் இருக்கிறேன். வெட்கத்தில் எழுதவில்லை.

லியோன் இத்தாலியில் பாரி என்ற ஊரில் ஒரு பேக்கரியில் வேலை செய்கிறான். மாதத்தில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து நான் வெளியே வரும் நேரம் பார்த்து போனில் பேசுவான். "அத்தை, அப்பாட்டச் சொல்லக்கூடாது. சொன்னா இதுவும் இல்ல" என்று முதல் நாளே வாக்கு வாங்கிவிட்டான். அனற்றிடமும் சொல்லவில்லை. அவள் பக்கத்துக் கட்டிலில் படுத்து அழுவதைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன்.

உன் முதல் கடிதத்தைப் பிரித்த அன்றே, நீ தேடும் பிள்ளை அந்த நாட்டில் இல்லை என்று எனக்குத் தெரியும். ஒரு வரி எழுதியிருந்தால் நீ அலைவது நின்றிருக்கும். மூன்று மாதம் உன்னைக் கல்லுக்குக் கல் நடக்க விட்டேன். வாக்கு மட்டும் காரணம் இல்லை. அந்த லொறியை யார் ஓட்டியது என்றும் அவன் எனக்குச் சொல்லியிருந்தான். நீயாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். ஒவ்வொரு கடிதத்தைப் பிரிக்கும்போதும் இதில் எழுதியிருப்பான் என்று பார்த்தேன். நீ தூணைப் பற்றி எழுதினாய், குதிரையைப் பற்றி எழுதினாய்.

போனை மறித்ததற்கு ஏஜென்சிக்காரரைக் காரணம் சொன்னேன். அது பொய். உன் குரலைக் கேட்டால் சொல்லிவிடுவேன் என்று பயந்தேன். கடிதத்தில் ஒன்றை மறைப்பது லேசாக இருந்தது. உனக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

பிழை செய்தவள்,
அக்கா


ஏதென்ஸ்
26.04.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் எழுதியதும் நீங்கள் எழுதியதும் ஒரே கிழமையில் புறப்பட்டிருக்கின்றன. உங்கள் கடிதத்தை பாரூக் கொண்டுவந்து மடத்து வாசலில் வைத்துத் தந்தார். பிரிக்கவில்லை. உள்ளே வரவும் இல்லை. "ஊருக்குப் போய் ஹபீலா மைனிட்டச் செல்லுங்க. என்னிட்ட மட்டும் சென்னது பத்தாது" என்றார். ஹபீலா, முஹைதீனின் மனைவி.

உங்கள் மேல் எனக்குக் கோபம் வந்தது, ஒளிக்க மாட்டேன். இரண்டு நாள் இருந்தது. பிறகு உங்கள் இடத்தில் நான் இருந்து பார்த்தேன். என்னைப் போன்ற ஒருவனுக்கு நானும் அதைச் சொல்லியிருக்க மாட்டேன்.

திங்கட்கிழமை பொலிஸில் போய் நிற்கப் போகிறேன். பாஸ்போர்ட் கையில் இருக்கிறது. திருப்பி அனுப்புவார்கள் என்று மடத்துச் சிஸ்டர் சொல்கிறார். கண்டியில் நல்ல லோயர் ஒருவரைப் பார்த்து வையுங்கள், என்னைக் காப்பாற்ற அல்ல, நான் சொல்வதைச் சரியாக எழுதிக் கொடுக்க.

லியோனிடம் இப்போது ஒன்றும் சொல்ல வேண்டாம். செய்யப்போகிறேன் என்று சொல்லும் அப்பாவை அவன் நம்பத் தேவையில்லை. செய்து முடித்த பிறகு சொல்லுங்கள். அனற்றிடம் நானே சொல்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் வரும்போது நீங்கள் இருக்க வேண்டும்.

தம்பி


கண்டி
30.07.2025

அன்பு மகன் லியோனுக்கு,

நீ சுகமாக இருக்க அத்தையின் செபம். அப்பா என்ற சொல் வந்ததும் போனை வைத்துவிடுகிறாய். அதனால் நீ சொன்ன பேக்கரி விலாசத்துக்கு எழுதுகிறேன். கடிதத்தையும் நீ மூடி வைக்கலாம், வேறொரு நாள் எடுத்து வாசிக்கலாம்.

உன் அப்பா ஜூனில் வந்தார். விமான நிலையத்தில் இருந்து நேரே என் வீட்டுக்கு வந்து, பையைக்கூட இறக்காமல் உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அனற் எழும்பிப் போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். நானும் அன்றைக்கே என் பங்கைச் சொன்னேன். என்னோடு பதினொரு நாள் பேசவில்லை.

இந்த மாதம் முதல் செவ்வாய் கோர்ட்டில் அப்பா தான் ஓட்டியதாகவும், மகன்மேல் பொய் சொன்னதாகவும் எழுதிக் கொடுத்து வாயாலும் சொன்னார். அவரை மறியலுக்கு அனுப்பினார்கள். உன்மேல் உள்ள பிடியாணையைப் பற்றி அடுத்த தவணையில் பேசலாம் என்று லோயர் சொல்கிறார். அதில் என்ன வரும் என்று எனக்குத் தெரியாது, தெரியாததைச் சொல்ல மாட்டேன்.

ஹபீலாவும் வந்திருந்தார். அப்பாவைக் கொண்டுபோகும்போது வழியில் நின்றார். அப்பா அவருக்கு முன்னால் கையெடுத்துக் கும்பிட்டார். ஹபீலா அவரைப் பார்க்கவில்லை. என்னிடம் வந்து, "ரெண்டு வருஷமா தொழுதுட்டு, தப்பான புள்ளைக்கு பதுவா செஞ்சீக்கேன் டீச்சர். அந்தப் புள்ளைட பேரச் செல்லுங்க" என்றார். சபித்துவிட்டேன் என்கிறார். இனி உன் பெயரைச் சொல்லித் துஆ கேட்பாராம். லியோன் என்று சொன்னேன். அவர் நாக்குக்கு அது சரியாக வரவில்லை. நாலைந்து தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

அம்மா புதன்கிழமைகளில் மறியலுக்குச் சோறு கொண்டுபோகிறாள். கொடுத்துவிட்டு, பேசாமல் திரும்பி வருகிறாள்.

உனக்குச் சரி என்று பட்டதைச் செய். நான் இனி யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை.

அத்தை மேபல்


பாரி
02.09.2025

அப்பாவுக்கு,

எனக்குச் சுகத்தில் குறைவில்லை. மறியலில் முதல் மாதம் தரையில் படுத்தால் இடுப்பு பிடிக்கும். சுவர்ப் பக்கம் படுக்காதீர்கள், ஈரம் இருக்கும். இருமல் இருந்தால் டொக்டர் வரும் நாளைக் கேட்டு முதல் ஆளாகப் பெயர் கொடுங்கள்.

அத்தையின் கடிதம் வந்து மூன்று கிழமை ஆகிறது. அதைப் படித்த அன்றைக்கு இரண்டு தட்டுப் பாண் ரொட்டியைக் கருக்கிவிட்டேன். முதலாளி ஏசினார். 

மன்னித்துவிட்டேன் என்று எழுதிப் பார்த்தேன். கையெழுத்து என்னுடையது மாதிரி இல்லை. அதனால் அந்தத் தாளை அனுப்பவில்லை.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். அன்றைக்கு அந்தப் பொலிஸ்காரரிடம் நான், "இல்ல, அப்பாதான் ஓட்டினாரு" என்று சொல்லியிருந்தால், நீங்கள் அதற்கு என்ன சொல்லியிருப்பீர்கள்? ஏழு கிழமையும் அங்கே படுத்துக்கொண்டு இதைத்தான் யோசித்தேன். ஆம் என்றிருப்பீர்களா, பொடியன் பொய் சொல்கிறான் என்றிருப்பீர்களா?

எனக்குப் பிடித்த பதிலைத் தேடி எழுத வேண்டாம். உண்மையை எழுதுங்கள். எது என்றாலும் வாசிப்பேன். அவசரம் இல்லை, யோசித்து எழுதுங்கள். என் விலாசத்தை உறையின் பின்பக்கம் தெளிவாக எழுதியிருக்கிறேன்.

லியோன்